கவுன்சலிங் உளவியல் படிப்பவர்களுக்குச் சமூகநீதிப் பாடம் எதற்கு?

கேள்வி: கவுன்சலிங் உளவியலில் முதுகலை சேர்ந்திருக்கிறேன். சாதி, பாலினம், வறுமை பற்றி ஒரு தாளே இருக்கிறது. நம் வேலை மனத்தோடுதானே, இது அரசியல் ஆகாதா?

பதில்: காரைக்குடியில் கவுன்சலராக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களின் கேஸ்களையும் மேற்பார்வை பார்க்கிறேன். மற்ற தாள்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் விட்டவர், வந்தவரோடு பேசத் தொடங்கும்போதே தடுமாறிப்போவார்.

நெருக்கம் காட்டுவதாக நினைத்து மாணவர்கள் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊரு?" அப்புறம், "அங்க எந்தத் தெரு?" கேட்பவருக்கு இது சாதாரண விசாரிப்பு. நம் பக்கத்துக் கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன வரும் என்று பார்த்து வளர்ந்தவர் அங்கேயே சுருங்கிவிடுவார். அதன்பின் அவர் சொல்வது பாதிக்கதைதான்.

அழைக்கும் முறையும் அப்படியே. பயிற்சி உரையாடல்களைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் கேட்போம். கடை முதலாளிக்கு "வாங்க, உட்காருங்க" என்று சொன்ன அதே மாணவர், சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவிடம் "சொல்லும்மா, உனக்கு என்ன பண்ணுது?" என்பார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. மாணவர் கெட்டவர் இல்லை, வளர்ந்த வீட்டுப் பழக்கம் நாக்கில் இருக்கிறது. பதிவை நிறுத்தி அந்த இடத்தைக் காட்டி, மறுபடி பேசவைத்துப் பழக்க வேண்டும். சமூகநீதி என்று நான் சொல்லித்தருவதில் பெரும்பங்கு இதுதான். இதை அரசியல் என்பதைவிடக் கைத்தொழில் என்றுதான் சொல்வேன்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று நீளும். யார் எதுவரை வரலாம் என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பின்கட்டு வழியாகவே காலமெல்லாம் வேலைக்குப் போய்வந்த ஒருவர் கவுன்சலிங் அறையில் நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டார், சுவரோரம் நின்றே பேசுவார். "தன்மதிப்புக் குறைவு" என்று குறிப்பேட்டில் எழுதிவிடலாம். ஆனால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதை நோய்க்குறியாக எழுதுவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் (பலருடைய கதைகளைச் சேர்த்துச் சொல்கிறேன்). நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம், ஓரளவு பயனும் இருக்கும். ஆனால் படபடப்பு எந்த நாளில் கூடுகிறது என்று கேட்டால், மகளிர் குழுக் கடனுக்குத் தவணை வசூலிக்க ஆள் வருவதற்கு முந்தின ராத்திரி என்பார். ஒரு வீட்டின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022 முதல் நுண்கடன் எனப்படும் இத்தகைய சிறு கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இது தெரிந்த கவுன்சலர் மூச்சுப் பயிற்சியோடு நிற்க மாட்டார். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவார். 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. அந்தக் கூலியைப் பற்றிப் பேசாமல் அந்த மனத்தைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது?

இந்தத் துறைக்கு இது புதிதும் இல்லை. 1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில்வழிகாட்டி நிலையம், ஏழை இளைஞர்களுக்கும் குடியேறிகளுக்கும் வேலைக்கு வழிகாட்டத்தான் வந்தது. கவுன்சலிங் அங்கிருந்து வளர்ந்தது. எல் சால்வடாரில் இக்னாசியோ மார்ட்டின் பாரோ என்ற உளவியலாளர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிற்கும் இடத்திலிருந்தே உளவியலைத் திரும்ப எழுத வேண்டும் என்றார். 1989-இல் ராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. நம் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவும் சாதி, வர்க்கம், மதம், பாலினம், பாலியல் நாட்டம் பார்க்காமல் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பாலின ஈர்ப்புள்ள இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பேசிவிட்டு, பாலியல் நாட்டத்தையே மாற்றப் பார்க்கும் 'சிகிச்சை' முயற்சிகளுக்கு 2021-இல் தடை சொன்னார். ஒரு நீதிபதி அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். கவுன்சலராகப் போகும் நாம் ஒரு தாள் படிப்பதற்கு யோசிக்கலாமா?

உங்கள் தயக்கத்தில் நியாயமான ஒரு பகுதியும் உண்டு. எதிரில் இருப்பவரிடம் நம் கொள்கையைத் திணிப்பது சமூகநீதி ஆகாது. அழ வந்தவரைப் போராளி ஆக்கப் பார்ப்பதும் அப்படித்தான். கானாடுகாத்தான் பக்கம் அத்தனை பெரிய வீட்டில், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, ஒரே ஓர் அறையில் விளக்குப் போட்டுக்கொண்டு இருக்கும் ஆச்சியின் தனிமையும் உண்மையான வலி. அவரிடம் சாதி ஆதிக்கம் பற்றிப் பாடம் நடத்துவது கொடுமை. அவரையும், அவருக்குச் சமைத்துப் போடும் பெண்ணையும் ஒரே மரியாதையோடு கேட்கத் தெரிய வேண்டும்.

கல்லூரிகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தத் தாளைத் தேர்வெழுதி முடிக்கும் பாடமாக வைத்துவிடுகிறார்கள், களத்துக்கு அனுப்புவதில்லை. நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். தனியார் கிளினிக்கில் மட்டும் பயிற்சி எடுக்காமல், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, குழந்தைகள் இல்லம், இலவச சட்ட உதவி மையம் என்று ஒன்றாவது சேரட்டும். எழுதும் ஒவ்வொரு கேஸிலும் வருமானம், கடன், வேலை நேரம், வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். தெருப் பெயரைக் கேட்காதீர்கள். சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, தமிழிலேயே மனநல ஆலோசனைக்கு 14416. இவை எல்லாம் கட்டணமில்லாத எண்கள். பயிற்சி தொடங்கும் முன்பே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.