காதுக்கு இரத்தம் போதவில்லையா, டிஸ்பிரின் கூடிவிட்டதா?

கேள்வி: எனக்கு 51 வயது. ஏழெட்டு மாதமாக இரண்டு காதிலும் ‘ஊ’ என்று ஓர் இரைச்சல். முதலில் கடல் சத்தம் என்றுதான் நினைத்தேன். எழும்பும்போது தலைச்சுற்றும் இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்கில்லை, வந்தால் அதிகமாகப் போகிறது. பிரஷருக்கு லோசார்டன் எடுக்கிறேன். முழங்கால் நோவுக்கு டிஸ்பிரின் நாளுக்கு ஆறு, சில நாள் எட்டு. அதை டொக்டரிடம் சொல்லவில்லை, அது ஒரு மருந்தா என்ன? அவர் ‘காதுக்கு இரத்த ஓட்டம் குறைவு’ என்று பீட்டாஹிஸ்டின் தந்தார். கனடாவில் இருந்து அக்கா ஜின்கோ என்ற மூலிகைக் குளிசை அனுப்பியிருக்கிறா. பிரஷர் குளிசையை நிறுத்தவா? ஹோர்மோன் எடுத்தால் காது சரிவருமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள சகோதரி, மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் முப்பது வருடம் நின்றவன் நான். ‘அது ஒரு மருந்தா என்ன?’ என்று நீங்கள் கேட்டதை அங்கே எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்! உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றதும் அந்த வரியில்தான்.

உங்கள் டொக்டர் சொன்ன இரத்த ஓட்டம் கற்பனை இல்லை. மரைன் டிரைவ் வருவதற்கு முன்பிருந்த வெள்ளவத்தை ஒழுங்கைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடல்பக்கம் ரயில் பாதையோடு முடிந்துவிடும். காலி வீதிப் பக்கம் ஒரு லொறி குறுக்கே நின்றால் உள்ளே சைக்கிளும் போகாது. உட்காதும் அப்படித்தான். மூளையின் அடிப்பக்கத்தில் இருந்து வரும் மெல்லிய நாடி ஒன்றுதான் அதற்கு இரத்தம் கொடுக்கிறது, மாற்றுப் பாதை கிடையாது. ஆனால் உட்காதுக்குத் தேவை பெரிது. அங்கே இருக்கும் திரவத்தில் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எப்போதும் நிற்கவேண்டும். ஒலியை மூளைக்கு அனுப்பும் மயிர்க் கலங்கள் அந்த பற்றரியில்தான் ஓடுகின்றன. நாடி சுருங்கினாலும் இரைச்சல் வரலாம், இரத்தத்தில் சரக்குக் குறைந்தாலும் வரலாம்.

இப்போது டிஸ்பிரினுக்கு வருவோம். அது அஸ்பிரின். குளிசை 300 மில்லிகிராம் என்றால் எட்டு போடும் நாளில் 2.4 கிராம். இதயத்துக்கென்று டொக்டர்மார் தரும் 75 மில்லிகிராம் காதை ஒன்றும் செய்யாது. கிராம் கணக்கில் போகும்போதுதான் காது இரையத் தொடங்கும். இரத்தக் குழாயைத் தளர்த்தி வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அஸ்பிரின் குறைத்துவிடுகிறது. அது மட்டும் இல்லை, மயிர்க் கலங்களின் வேலையையும் நேரடியாக மந்தமாக்குகிறது. ஆறுதலான விஷயம், இது பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில் அடங்கிவிடும். ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைப் போல மயிர்க் கலங்களையே கொன்றுவிடுகிற ரகம் இல்லை.

காதோடும் அது நிற்கவில்லை. அஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஏற்கனவே அதிகமாகப் போகிற மாதவிடாய் இன்னும் கூடும். இரத்தச்சோகை வரும், அதிலேயே தலைச்சுற்றும் வரும், காதுக்குள் நாடித்துடிப்பும் கேட்கும். ஜின்கோவும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியது, காது இரைச்சலுக்கு அதனால் பயன் என்று நிரூபணமும் இல்லை. அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு போத்தலை அலுமாரியில் வையுங்கள். (டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு டிஸ்பிரினைத் தொடவே கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.)

லோசார்டனை நீங்களாக நிறுத்த வேண்டாம். இவ்வளவு அஸ்பிரின் பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும், இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் பாரம். குற்றவாளியை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். எழும்பும்போது சுற்றுகிறது என்பதால் படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

பீட்டாஹிஸ்டின் மிருகங்களில் உட்காதின் இரத்த ஓட்டத்தைக் கூட்டியது உண்மை. மனிதரில் கதை வேறு. மெனியே என்ற உட்காது நோய் உள்ள 221 பேரை வைத்து ஒன்பது மாதம் ஜெர்மனியில் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களுக்கும் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் தலைச்சுற்று ஒரே மாதிரித்தான் குறைந்தது. டொக்டர் தந்ததைத் திட்டமாட்டேன், ஆனால் வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஹோர்மோன்? ஈஸ்ட்ரோஜனுக்கு உட்காதிலும் வேலை இருக்கிறது. இந்த வயதில் அது ஏறி இறங்குவதால் தலைச்சுற்றும், ஒற்றைத் தலைவலியும் சிலருக்குக் கூடும். ஆனால் காதுக்காக ஹோர்மோன் குளிசை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அமெரிக்கத் தாதியரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2017இல் வந்த ஆய்வில், வாய்வழி ஹோர்மோன் எடுத்த பெண்களிடம் செவிக்குறைவு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. உடல் கொதிப்பும் வியர்வையும் தாங்கமுடியவில்லை என்றால் அது பெண்நோயியல் டொக்டரிடம் பேசவேண்டிய வேறு கதை.

சரி, இந்தக் கிழமை என்ன செய்வது? நீங்களாகப் போடும் டிஸ்பிரினை நிறுத்துங்கள். முழங்காலுக்குத் தற்போதைக்கு 500 மில்லிகிராம் பனடோல் (பரசிட்டமோல்), நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை, ஈரல் வருத்தம் இருந்தால் கேட்காமல் அதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசைகளையும், ஜின்கோ உட்பட, ஒரு பையில் போட்டு டொக்டரின் மேசையில் கொட்டுங்கள். ஹீமோகுளோபின், தைரோயிட், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கிழமையில் இரைச்சல் குறையாவிட்டால் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேட்டல் பரிசோதனை. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள், இரைச்சல் அதோடு சேர்ந்து அடித்தால் அதையும் சொல்லவேண்டும்.

ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். ஸ்டீராய்டு முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் நல்ல பலன். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, நடக்க முடியாமல் சுற்றினாலோ 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

அதுவரை இரவில் இரைச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் கடல்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளிச்சத்தம் இருந்தால் உள்சத்தம் மங்கும். நுளம்பு வலையை மறக்கவேண்டாம்.