ஒலிக்கூடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒலிபெருக்கி புராசஸரில் சப்வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கான பெட்டி, சுருக்கமாகச் சப்) டாப் பெட்டிகளுக்கும் (அதற்கு மேலுள்ள ஒலிக்கானவை) ஒலியை 100 ஹெர்ட்ஸில் பிரிக்க, ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளிக்கு) 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டரையே வைத்திருக்கிறேன். ஆயினும் கிக் டிரம் மெலிந்து கேட்கிறது. சப்பின் போலாரிட்டியைத் திருப்பினால் (அலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்கினால்) நிறைவாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? சப், டாப்களுக்கு 1.7 மீட்டர் முன்னால் இருக்கிறது.

பதில்: விட வேண்டாம். உங்கள் ஃபில்டரில் குறையில்லை. இரண்டு பெட்டிகளின் ஒலியும் வந்து சேரும் நேரத்தில்தான் குறை இருக்கிறது.

24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலியில் இரண்டு பக்கமும் கிராஸ்ஓவர் புள்ளியில் (ஒலி பிரியும் அதிர்வெண்ணில்) 6 டெசிபல் தாழ்ந்து, ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும் நிலையில்) நின்று, கூடும்போது சமமாகிவிடுவதால், போலாரிட்டியைத் திருப்ப வேண்டிய தேவையே எழுவதில்லை. (அதே வகையின் 12 டெசிபல் ஃபில்டரில் இரண்டும் 180 பாகை விலகி நிற்கும்; அங்கு ஒன்றைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.) ஆனால் இந்தக் கணக்கு, இரண்டு ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டினால் மட்டுமே செல்லும். விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும் ஒலி 1.7 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. 100 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 10 மில்லி விநாடி என்பதால், சப்பின் முகடு வரும்போது டாப்பின் பள்ளம் வந்து அதை விழுங்கிவிடுகிறது. போலாரிட்டியைத் திருப்பினால் 100 ஹெர்ட்ஸில் பள்ளம் நிரம்பும். ஆனால் 80, 120 ஹெர்ட்ஸில் 36 பாகை விலகல் மிஞ்சும். சப்பின் ஒலி முந்தி வருவதும் மாறாது.

ஆகவே போலாரிட்டியைப் பழையபடி வைத்து, முந்தி வரும் சப்புக்கு 5 மில்லி விநாடி டிலே (தாமதம்) கொடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் டாப்புக்குக் கொடுத்துவிட்டேன். வித்தியாசம் 10 மில்லி விநாடியாக, அதாவது ஒரு முழுச் சுற்றாகப் பெருகியதால், 100 ஹெர்ட்ஸ் நிறைவாகவே கேட்டது. தவறு பிடிபட வெகு நேரமாயிற்று.

டேப் வைத்து அளந்தது தொடக்கம் மட்டுமே. சப்பைப் பாதுகாப்பதற்காக வைக்கும் 30 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்), துளையுள்ள பெட்டியின் இயல்பு, டாப் பெட்டி தானாகவே கீழே சரியும் விதம் ஆகிய மூன்றும் ஃபேஸை நகர்த்துவதால், சரியான எண் 5-இலிருந்து சற்று விலகியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, கேட்போர் பகுதியின் நடுவில், சுவரை விட்டு விலகி நின்று, 100 ஹெர்ட்ஸ் ஒலியைத் தனித்தனியே ஓடவிட்டு இரண்டின் அளவையும் சமமாக்குங்கள். பின்பு சப்பின் போலாரிட்டியை வேண்டுமென்றே திருப்பி, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒலி மிக ஆழமாக அமுங்கும் வரை டிலேயைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். அந்த இடத்தில் போலாரிட்டியை மீட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒற்றை ஒலியில் இந்த அமுக்கம் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், 5-ஐச் சுற்றி இரண்டு, மூன்று மில்லி விநாடிக்கு அப்பால் தேட வேண்டாம்.

கேள்வி: சப்பை 90 ஹெர்ட்ஸிலும் டாப்பை 120 ஹெர்ட்ஸிலும் வெட்டலாமா?

பதில்: வெட்டலாம், அந்தப் பகுதியில் அறை ஒலியை ஊதிப் பெருக்கினால் இந்த இடைவெளி உதவும். ஆனால் இரண்டு ஃபில்டர்களின் ஃபேஸ் பொருத்தம் குலைந்துவிடுவதால், மேற்சொன்ன சோதனையை 105 ஹெர்ட்ஸ் அளவில் புதிதாகச் செய்ய வேண்டும்.