தளபதி சொன்னால் சரியா?

கேள்வி: தமுக்கம் புத்தகத் திருவிழாவில், ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் எழுதிய ‘இழந்த வெற்றிகள்’ ஆங்கிலப் பதிப்பு கிடைத்தது. பாதி முடித்துவிட்டேன். ஹிட்லர் மட்டும் குறுக்கே வராமல் இருந்தால் ஜெர்மனி ஜெயித்திருக்கும் போலிருக்கிறதே! எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: மிச்சத்தையும் படியுங்கள். விஷயம் தெரிந்த மனுஷன். 1940-ல் ஆர்டென் காட்டு வழியாக பிரான்சுக்குள் புகுந்த திட்டத்துக்கு வித்திட்டவரே அவர்தான், அதைப் பற்றிச் சொல்வதைத் தாராளமாகக் கேட்கலாம். தோற்ற கதைக்கு வரும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். புத்தகம் வந்தது 1955-ல்; ஹிட்லர் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. செத்தவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், எழுந்து வந்தா கேட்கப்போகிறான்?

நம்ம பக்கம் நிலம் வாங்கும்போது, விற்கிறவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? இங்கே வில்லங்கச் சான்று, அன்றன்றைக்கு எழுதிய போர் நாட்குறிப்பும் கையெழுத்திட்ட உத்தரவுகளும்தான். டன்கிர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் கடலோரத்தில் சிக்கிய பிரிட்டிஷ் படை, ஜெர்மன் டாங்கிகள் பாதி வழியில் நின்றதால் கப்பலேறித் தப்பிய இடம். டாங்கிகளை நிறுத்தியது ஹிட்லர்தான் என்று போருக்குப் பிறகு சாதித்தார் தளபதி ருண்ட்ஷ்டெட். அவருடைய படையின் நாட்குறிப்பைப் புரட்டினால், 1940 மே 23 அன்றே நிறுத்தச் சொன்னவர் அவர். மறுநாள் வந்த ஹிட்லர் அதற்குச் ‘சரி’ போட்டிருக்கிறார்.

உங்கள் மான்ஸ்டைனுக்கும் ஒரு காகிதம் உண்டு. ‘யூத-போல்ஷ்விக்’ (போல்ஷ்விக் என்றால் ரஷ்யக் கம்யூனிஸ்ட்) அமைப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1941 நவம்பர் 20 அன்று தன் படைக்கு அவர் விடுத்த உத்தரவு. போருக்குப் பிறகு நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அதை எடுத்து நீட்டியபோது, எனக்கு நினைவே இல்லை என்றார். 1949-ல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் 18 ஆண்டு தண்டனை விதித்தது. குறைத்து, 1953-லேயே வெளியே விட்டுவிட்டார்கள். இரண்டே வருஷத்தில் புத்தகம்! கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவில் தன் படை நடத்திய சண்டையை அத்தனை விரிவாகச் சொல்கிறவர், அங்கே யூதர்களைக் கொன்று குவித்ததைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

எல்லாத் தளபதிகளும் ஒரே பாட்டைப் பாடுவதற்கும் காரணம் இருக்கிறது. போர் முடிந்ததும், ஜெர்மன் தரைப்படையின் போர்த் திட்டங்களை வகுத்த தலைமைப் பணியகத்தின் முன்னாள் தலைவர் ஹால்டரின் மேற்பார்வையில் ஜெர்மன் அதிகாரிகள் பலர் அமெரிக்க ராணுவத்துக்காகப் போர் வரலாறு எழுதினார்கள். அதே ஹால்டர் 1949-ல் ஒரு சிறு நூல் போட்டு, பழியை ஹிட்லர் மேல் இறக்கினார். ஆனால் போர்க்காலத்தில் அவர் எழுதிவந்த நாட்குறிப்பும் அச்சில் வந்திருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள், முதலில் 1941 ஜூலை 3-ஐப் பிரியுங்கள். பிற்பாடு ஜெர்மனி தோற்ற அந்த ரஷ்யப் போரை இரண்டே வாரத்தில் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னால் மிகையாகாது என்று எழுதிவைத்திருக்கிறார்.