கேள்வி – பதில்: பழைய பம்ப் துப்பாக்கி வாங்கும் முன்

கேள்வி: ஆயுத லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. பழைய பம்ப் துப்பாக்கி ஒன்று வாங்க ஆசை. வின்செஸ்டர் 97, மாடல் 12, இத்தாக்கா 37, ரெமிங்டன் 870 என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?
– தருமபுரி வாசகர்

பதில்: சுடுவதற்கா, பொக்கிஷமாக வைத்துக்கொள்வதற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சுடுவதற்கு என்றால் 870. 1950-களின் தொடக்கத்தில் வந்தது. முன்பிடியையும் (பம்ப் செய்ய முன்னும் பின்னும் இழுக்கும் பிடி) போல்ட்டையும் (குழலின் பின்வாயை மூடும் பாகம்) இணைக்க இதில் இரண்டு தண்டுகள் இருப்பதால், அவசரமாக இழுத்தாலும் கோணிக்கொண்டு சிக்காது. மற்ற மூன்றிலும் ஒற்றைத் தண்டுதான்.

97, ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1897 முதல் 1957 வரை செய்தார்கள். சுத்தியல் வெளியே தெரியும். மாடல் 12-ம் வின்செஸ்டர்தான், 1912 முதல் 1964 வரை. சுத்தியல் உள்ளே இருக்கும். கட்டி இரும்பிலிருந்து கடைந்தெடுத்த ரிசீவர் (போல்ட் ஓடும் நடு உடல்), வழுக்கிக்கொண்டு ஓடும் பம்ப். நான்கில் அழகு எது என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். 1937-இல் வந்த இத்தாக்காவில் தோட்டா ஏறுவதும் காலி உறை விழுவதும் அடிப்பக்கத்தில் உள்ள ஒரே வாய் வழியாக. இடக்கைக்காரர்களுக்கு இதைவிடத் தோதான பழைய பம்ப் கிடையாது.

ஒன்றைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள். 97, மாடல் 12, பழைய இத்தாக்கா ஆகிய மூன்றிலும் விசையைத் துண்டிக்கும் பாகம் கிடையாது. விசையை அழுத்திப் பிடித்தபடி பம்ப் செய்தால், போல்ட் மூடிய கணத்திலேயே வெடிக்கும். அது பழுதில்லை, அமைப்பே அப்படி. விரல் விசைக்கு வெளியே நிற்கப் பழகாதவர் இவற்றைத் தொடக்கூடாது. 97-க்கு முந்தைய 1893 மாடல் கரிமருந்துக்காகச் செய்தது. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

தனிநபர் வெளிநாட்டுத் துப்பாக்கி தருவிக்க, விளையாட்டு வீரர் போன்ற சில விலக்குகளைத் தவிர, வெகுகாலமாக வழியில்லை. அதனால் இங்கே கைமாறுவதெல்லாம் அதற்கு முன்பே வந்து சேர்ந்தவை. உதிரிபாகம் எளிதில் அகப்படாது. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 12 போர் (குழல் அளவு) பம்ப் இருக்கிறது.

கேள்வி: லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவர் தன் வின்செஸ்டர் 97-ஐ விற்கிறார். நேரில் போய் என்னென்ன பார்க்க வேண்டும்?
– ஓசூர் வாசகர்

பதில்: கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து, சேம்பரிலும் (சுடும்போது தோட்டா உட்காரும் இடம்) மேகசின் (தோட்டா அடுக்கும் குழாய்) வாயிலும் விரல் விட்டுக் காலி என்று உறுதி செய்யுங்கள். விற்பவர் சொல்வது போதாது.

அடுத்தது நம்பர். 97-ம் மாடல் 12-ம் இரண்டாகக் கழலும் வகையில்தான் அதிகம் இருக்கும். ரிசீவரின் அடியில் ஒரு நம்பர், அதை ஒட்டிக் குழல் பக்கத்துத் துண்டில் ஒரு நம்பர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் வேறு துப்பாக்கியின் குழலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி சரியாக அமைந்திருக்குமென்று நம்ப முடியாது. அதே நம்பர் விற்பவரின் லைசென்ஸிலும் இருக்கிறதா பாருங்கள். தேய்த்த, திருத்திக் குத்திய நம்பர் என்றால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அடையாள எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

பிறகு குழல். துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். உள்ளே மோதிரம் போல நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் புடைத்திருக்கிறது. வெளியே விரலால் தடவினால் மேடு தட்டும். குளவி கூடு கட்டியதையோ சேறு அடைத்ததையோ பார்க்காமல் சுட்டிருப்பார்கள். அதற்குச் சரிசெய்தல் கிடையாது.

வெர்னியர் காலிபர் கொண்டுபோங்கள். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. 'ஃபுல்' சோக் (குழல் முனையின் குறுகல்) என்று பொறித்திருந்தால் முனையில் 17.6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 'மாடிஃபைட்' என்றால் 18.0. ஃபுல் என்று பொறித்த குழலின் முனை 18.5 காட்டினால் யாரோ முனையை வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். மீண்டும் பூட்டி, போல்ட்டை மூடி, முனையிலிருந்து மரக்குச்சி விட்டு நீளத்தை அளந்துவிடுங்கள். 20 அங்குலத்துக்குக் (508 மி.மீ.) குறைந்த குழல் தடைசெய்யப்பட்ட வகையில் போய்விடும். குழலைக் குட்டையாக்குவதே தனிக் குற்றம்.

இப்போது ரிசீவரை இறுகப் பிடித்துக் குழலை ஆட்டுங்கள். லேசான ஆட்டம் என்றால் பயப்பட வேண்டாம். இணைப்பில் பல் வைத்த வளையம் ஒன்று உண்டு, அதை ஒரு பல் நகர்த்தினால் இறுகும். எல்லாப் பல்லும் தீர்ந்த பிறகும் ஆடுகிறதென்றால் தேய்ந்துபோன துப்பாக்கி.

கடைசியாக, மருந்தில்லாத டம்மி தோட்டா ஐந்து போட்டு ஓட்டுங்கள், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. தோட்டா அடிவழியாக நழுவிக் கீழே விழுந்தால் தோட்டாவை ஒவ்வொன்றாக விடும் 'தோட்டா நிறுத்தி' தேய்ந்திருக்கிறது. ஐந்தாவது மட்டும் குழாயிலேயே தங்கினால் மேகசின் சுருள் தளர்ந்திருக்கலாம் அல்லது குழாயில் நெளிவு இருக்கலாம். தோட்டா சேம்பரிலேயே நின்றுவிட்டால், அதை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் கோளாறு. சுருள் எளிதில் மாற்றக்கூடியது, மற்ற இரண்டும் அப்படியல்ல. சுத்தியல் ஏறி நிற்கும்போது முன்பிடியை இழுத்தால் திறக்கக்கூடாது. விசையை வெறுமனே இழுத்தபின் 97 திறக்க மறுத்தால், முன்பிடியை ஒரு தடவை முன்னால் தள்ளிவிட்டு இழுங்கள். பலர் இதைத்தான் 'சிக்கிக்கொண்டது' என்று தவறாக நினைக்கிறார்கள்.

ஓசூர்ப் பட்டறைகளில் எந்த இரும்புத் துண்டையும் கடைந்து தருவார்கள், உண்மைதான். ஆனால் துப்பாக்கி பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். லேத்தில் கொடுத்தால் நீங்களும் மாட்டுவீர்கள், பட்டறைக்காரரும் மாட்டுவார்.

விலை படிந்தாலும் அன்றே எடுத்துவர முடியாது. விற்பவர் உங்கள் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்பே ஒப்படைக்கலாம். அவர் பெங்களூரில் இருந்தால் உங்கள் லைசென்ஸின் எல்லையையும் பாருங்கள். 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நிற்க உங்களுக்கு உரிமை இல்லை.

கேள்வி: கடையில் 70 மி.மீ. தோட்டா தருகிறார்கள். பழைய துப்பாக்கியில் நன்றாக உள்ளே போகிறது. சுடலாமா?
– பாலக்கோடு வாசகர்

பதில்: உள்ளே போவது சான்றே இல்லை. தோட்டாவின் நீளம் என்று சொல்வது சுட்ட பின் வாய் விரிந்த உறையின் நீளத்தை. மடித்த வாயோடு 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. சேம்பரில் தாராளமாக உட்காரும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் சேம்பர் முடியும் குறுகலில் முட்டும், அழுத்தம் எகிறும். நம் பக்கம் உள்ள பழைய இங்கிலீஷ் டபுள் பேரல்கள் பலவும் 65 மி.மீ. (இரண்டரை அங்குலம்). அமெரிக்கப் பம்புகளில் 12 போர் பெரும்பாலும் 70. ஆனால் தொடக்ககால 16 போர் 65 மி.மீ.தான். குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள், இல்லையென்றால் உரிமம் பெற்ற கடையில் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 70 சேம்பரில் 65 தோட்டா போடுவதில் ஆபத்தில்லை.

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய பம்ப் துப்பாக்கி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. நான் ஒரே மகன். லைசென்ஸை என் பெயருக்கு மாற்றும் வரை வைத்திருக்கலாமா?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: கூடாது. நாளையே காவல் நிலையத்திலோ, ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. இப்போது வீட்டில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். எடுத்துப் போகுமுன் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, இரண்டாகக் கழற்றி, தோட்டாக்களைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களின் ஒப்புதல் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் வாரிசு அடிப்படையில் விண்ணப்பியுங்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். (அப்பா உயிரோடு இருக்கும் வாசகர்கள் கவனிக்க: அவருக்கு 70 வயதாகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இப்போதே வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம்.)

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயம். சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் வந்தபின் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்கள் பல இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. மனு நகராமல் கிடந்தால் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நிலக்கடலையைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்கிறது. சுடலாமா?
– பென்னாகரம் வாசகர்

பதில்: கூடாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கத்தான். வன உயிரைக் கொல்லும் உரிமை அதில் வராது. சேதத்தை வனத்துறையில் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

கேள்வி: தேர்தலுக்கு ஒப்படைத்து மூன்று மாதம் கழித்து வாங்கினால் மாடல் 12 முழுக்கத் துரு. எப்படி எடுப்பது? இனி எப்படித் தடுப்பது?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உப்புத்தாள், கம்பிப் பிரஷ் வேண்டாம், நீலப் பூச்சு துருவோடு சேர்ந்து போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவிட்டு, '0000' நம்பர் ஸ்டீல் உல்லால் அழுத்தாமல் தேயுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் மேல்துரு எல்லாம் வந்துவிடும். துரு தின்ற குழி போகாது. சேம்பருக்குள் குழி இருந்தால் காலி உறை ஒட்டிக்கொள்ளும், அதைக் கடையில் காட்டுங்கள்.

துரு பிடிக்க முக்கியக் காரணம் கேன்வாஸ் உறை. ஈரத்தை இழுத்து இரும்போடு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை குழலைச் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் தையல் மெஷின் எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி, அதன்மேல் உறை போடுங்கள். மரக்கட்டையில் எண்ணெய் படக்கூடாது, ஊறி மெத்தென்றாகி ரிசீவர் ஓரத்தில் விரிசல் விடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து, பம்ப் நகராது. ஒப்படைக்கும் ரசீதில் நம்பரோடு 'துரு இல்லை, விரிசல் இல்லை' என்று நிலையையும் எழுதிக் கேளுங்கள்.