கைவிடப்பட்ட டவுன்ஷிப்பை அங்குள்ளவர்களின் தொழிலாலும் முதலீட்டாலும் தூக்கி நிறுத்த முடியுமா?

தென்னாப்பிரிக்க டவுன்ஷிப்களை, அதாவது நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த நகரோரக் குடியிருப்புகளை, வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலை நிமித்தம் ஜோகன்னஸ்பர்க்கில் நான்கு வருடம் இருந்தேன். அந்த நகரத்தின் ஓரத்தில் உள்ள சொவெட்டோ டவுன்ஷிப்புக்கு அடிக்கடி போய்வருவேன். முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே ஏற்கெனவே புழங்கும் பணத்தைத் தங்கவைப்பதில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அந்த இடங்கள் தானாக நொடித்துப் போகவில்லை, நிறவெறி அரசு திட்டமிட்டு முடக்கியது. 1963-ல் வந்த விதிகளின்படி கறுப்பின வியாபாரி ஒரு கடைக்கு மேல் வைக்கக் கூடாது. பால், ரொட்டி, காய்கறி, கரி என்று அன்றாடத் தேவைக்கானதை மட்டும் விற்கலாம். கம்பெனி, பங்குதாரர் என்ற பேச்சே கூடாது. மனைக்கு 99 ஆண்டுக் குத்தகை உரிமை 1978-ல்தான் வந்தது, முழு உரிமை 1986-ல். அதுவரை வங்கியில் எதை அடமானம் வைப்பது? இதற்குப் பிறகும் 'அவர்களுக்குத் தொழில் செய்யத் தெரியாது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

ரிச்சர்ட் மபோன்யாவைப் பாருங்கள். 1950களில் சொவெட்டோவில் துணிக்கடை வைக்க உரிமம் கேட்டார். மண்டேலாவும் ஆலிவர் டாம்போவும் நடத்திய வழக்கறிஞர் அலுவலகமே அவருக்காக முயன்றும் கிடைக்கவில்லை. சரி என்று பால் வியாபாரத்தில் இறங்கினார். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்குச் சைக்கிளில் பையன்களை அனுப்பிப் பால் கொடுத்தார். 1979-ல் அவர் கைக்கு வந்த நிலத்தில் மபோன்யா மால் எழுந்து, 2007-ல் மண்டேலா திறந்துவைத்தார். 28 வருடம்!

அதற்காக மால் கட்டினால் ஊர் எழுந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். டவுன்ஷிப் மால்களில் பெரும்பாலும் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கடைகள்தான். வேலை கிடைக்கிறது, உண்மை. வசூல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.

நான் வழக்கமாகச் சாப்பிடும் இடத்தில் ஒரு அக்கா 'கோட்டா' என்ற ரொட்டிப் பண்டம் விற்பார். கால் ரொட்டியைக் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவலும் பொலோனி இறைச்சியும் வைத்து, மேலே மாங்காய் ஊறுகாய். அதை அங்கேயும் 'அச்சார்' என்றுதான் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம்மவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஒருநாள் சரக்கெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ரொட்டி, உருளைக்கிழங்கு, எண்ணெய், இறைச்சி எல்லாமே நகரத்து மொத்தக் கடையில். மினிபஸ் டாக்சியில் மூட்டைக்குத் தனிக் கட்டணம் வேறு. அச்சார் மட்டும் பின்தெருவில் ஒருவர் போட்டுத் தருகிறார். அதாவது நான் கொடுத்த பணத்தில், அக்காவின் சொற்ப லாபம் போக, அந்த ஊறுகாய்க்கான காசு மட்டும்தான் அந்த வட்டாரத்திலேயே நின்றது.

பின்தெருவில் ஒரு பேக்கரியும் கிழங்கு நறுக்கிக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையும் வந்தால் இந்தக் கணக்கு மாறும். அதற்கு வாடிக்கையாளர் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வீட்டோடு ஒட்டிய பெட்டிக்கடைகளான ஸ்பாசாக்கள் ஏராளம். நம் சீட்டு மாதிரி ஸ்டாக்வெல் குழுக்களும் உண்டு. மாதாமாதம் பணம் போட்டு, டிசம்பரில் மொத்தமாக மளிகை வாங்குவார்கள். அந்தப் பணம் இப்போது பெரிய மொத்தக் கடைகளுக்குப் போகிறது. பத்து ஸ்பாசாவும் இரண்டு ஸ்டாக்வெலும் சேர்ந்து 'தினம் இத்தனை ரொட்டி எடுத்துக்கொள்கிறோம்' என்று உறுதி கொடுத்தாலே ஒரு பேக்கரி பிழைத்துக்கொள்ளும். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இதற்குப் பலன் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் அரசு. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணம் 2022-ல் டவுன்ஷிப் பொருளாதாரத்துக்கென்றே சட்டம் போட்டது. அங்குள்ள சிறு நிறுவனங்களிடம் அரசு சரக்கு வாங்குவதும் அதன் நோக்கம். நல்லது. ஆனால் 30 நாளில் பணம் தர வேண்டும் என்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். தாமதமானால் சின்ன ஆள் மஷோனிசாவிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், போய் நிற்பார்.

அச்சார் போடுபவரையும் பார்த்தேன். பெரிய பாத்திரமும் ஒரு அறையும் இருந்தால் நாலு மடங்கு போடுவேன் என்றார். வீடு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்ததால் வங்கி கடன் தரவில்லை. என்னிடம் முதலீட்டுப் பணத்தைக் கொடுத்தால், முதல் செலவாக அந்தத் தெருவில் இருக்கும் வீட்டுப் பத்திரங்களைப் பெயர் மாற்றிக்கொடுப்பேன்.