ஆயா சுருட்டு பிடித்ததை எழுதலாமா?

கேள்வி: எங்கள் ஆயா பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். போன வருடம் தவறிவிட்டார். வருஷத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம், எழுதுகிற வேலை என் தலையில். ஆயா சுருட்டு பிடிப்பார், ஆம்பளைகளோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து தாயம் ஆடுவார், கழி ஊன்றித் தானே படகு தள்ளுவார், மகிமை மாதா கோயில் திருவிழா, திருத்தணி கிருத்திகை என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார். அதே ஆயாதான் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியப்பாவோ, "சுருட்டு, தாயம் எல்லாம் வேணாம், மரியாதையா எழுது" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, பொன்னேரி

பதில்: பெரியப்பா மனதில் இருக்கிற மலர் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "இறைபக்தியும் இன்சொல்லும் நிறைந்த எங்கள் குலவிளக்கு" என்று ஆரம்பித்து "இறைவனடி சேர்ந்தார்" என்று முடியும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்காது. அதை எழுத நீங்கள் எதற்கு, அச்சகத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள்.

சுருட்டை எழுதுங்கள். ஆனால் வெறுமனே "சுருட்டு பிடிப்பார்" என்று ஒரு வரி போட்டால் படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எப்போது பிடிப்பார், கூடையை இறக்கி வைத்த பிறகா, சாப்பிட்ட பிறகா, தாத்தாவுக்கு முன்னாலேயேவா, யார் வாங்கி வந்து கொடுப்பது, இதெல்லாம் வந்தால்தான் அந்த இடத்தில் ஆயா வருவார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஆயா நினைத்தபோது கிளம்பினார் என்றால் பஸ்ஸுக்குக் காசு எங்கிருந்து வந்தது? பழவேற்காட்டு ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைப் பாடு முறையில் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள், அந்த உரிமை ஆண்கள் பெயரில்தான் வருகிறது. ஆனால் மீன் கரைக்கு வந்துவிட்டால் கதை மாறிவிடும். ஏலம் எடுப்பது, கூடையில் சுமந்து போய் விற்பது, கடன் கொடுப்பது, வசூலிப்பது, விற்காததை உப்பு போட்டுக் கருவாடாக்குவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற பெண்களும் அங்கே உண்டு, பனையோலைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் இருப்பார்கள். உங்கள் ஆயா இதில் எதைச் செய்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. பொன்னேரி சந்தையா, மீஞ்சூரா, இல்லை ரயில் ஏறிச் சென்னை வரைக்கும் போனாரா? மீன்கூடையை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரோடு சண்டை போட்டிருப்பாரே, அந்தக் கதை யாருக்காவது தெரியுமா? சுருக்குப்பையில் தன் காசு இருந்த பொம்பளைக்குத்தான் திருத்தணிக்கு யாரையும் கேட்காமல் போக முடிந்தது. அவருடைய துணிச்சலை மட்டும் எழுதிவிட்டு உழைப்பை விட்டுவிட்டால், ஏதோ பிறவிக் குறும்புக்காரி மாதிரி ஆகிவிடும்.

இப்போது பெரியப்பா விஷயம். அவரை வில்லனாக்க வேண்டாம். மூத்த பிள்ளை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் "சுருட்டுக்காரி மகன்" என்று எத்தனை பேர் கூப்பிட்டார்களோ. ஆயா மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு வருகிறபோது வீட்டில் உலை வைத்தது யார், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார்? அனேகமாக ஒரு மூத்த மகள் இருந்திருப்பார், பத்துப் பன்னிரண்டு வயதில். பேரப்பிள்ளைகளுக்கு ஆயா வேடிக்கையான ஆள், பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி இருந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரியப்பாவிடம் அனுமதி கேட்டுப் போகாமல் கதை கேட்டுப் போங்கள், "ஆயா கிளம்பிப் போன நாளில் நீங்கல்லாம் என்ன சாப்பிட்டீங்க பெரியப்பா?" என்று. அத்தைகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் கதை மட்டும்தான் கிடைக்கும். வருகிற பதில் கசப்பாக இருந்தால் அதிலும் இரண்டு வரி மலரில் வரட்டும். திரும்பி வரும்போது பொரியும் பேரீச்சம்பழமும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார் என்று யாராவது சொன்னால் அதையும் அதற்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

அதற்குப் பிறகும் பெரியப்பா பிடிவாதமாக இருந்தால், தாயத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள். படகை விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பாட்டியும் அந்த ஏரிப் பக்கம்தான். பிறந்த வருடம் யாருக்கும் தெரியாது, ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாக இருக்கிறது. வாழ்க்கையை எப்படி வரிசைப்படுத்தி எழுதுவது?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: வருடத்தைக் கேட்டால் யாருக்கும் வராது, சம்பவத்தைக் கேளுங்கள். பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் பட்டணம் போன கதை பாட்டிக்கு உண்டா? 1965, 66 புயல்களில் கால்வாய் பாழாகி அந்தப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றேபோனது, ஆகவே அந்தக் கதை பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவை 1969-ல் ராக்கெட் தளத்துக்காகத் தேர்ந்தெடுத்து, தீவில் இருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இது நிச்சயம் நினைவிருக்கும். முதல் ராக்கெட் போனது 1971 அக்டோபர் 9. "வானத்துல புகை போச்சே, அப்ப உங்க அப்பன் வயித்துல" என்று ஒரு கிழவி சொன்னால் கணக்கு முடிந்தது, ஆனால் எந்த ராக்கெட் என்று ஒரு தடவை மடக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 1984 நவம்பர் புயல், 2004 டிசம்பர் 26 சுனாமி. கடைசிப் பேரன் பேத்திகள் சுனாமிக்கு முன்னா பின்னா என்று எல்லோருக்கும் தெரியும். மலரில் வருடமே போடாமல் "கால்வாயில் படகு ஓடிய காலத்தில்" என்று எழுதினாலும் தப்பில்லை.

கேள்வி: பாட்டியின் மடவைக் கருவாட்டுக் குழம்பை நினைவு மலரில் போட ஆசை. பாட்டி அளந்து போட்டதே இல்லை. அம்மாவும் இரண்டு சித்திகளும் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். மாங்காய் போடுவாரா, கத்திரிக்காயா என்பதிலேயே சண்டை.
- வாசகி, எண்ணூர்

பதில்: பருவத்தில் மாங்காய், இல்லாதபோது கத்திரிக்காய் என்று போட்டிருப்பார், இதற்கு ஏன் சண்டை? மூன்று பேரையும் ஒரே நாளில் சமைக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று அவர்கள் கை அள்ளுகிற புளியையும் மிளகாய்த்தூளையும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று குறிப்பையும் அவரவர் பெயரோடு போட்டுவிடுங்கள். எது பாட்டி வைத்த குழம்பு என்று தாத்தாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவருக்கு வீட்டில் சோறு கிடைக்க வேண்டாமா.