வீட்டில் வளர்க்கச் சுலபமான ஆர்க்கிட் எது?

முதன்முதலாக ஆர்க்கிட் வாங்குபவர் எதில் தொடங்கலாம்? சென்னை போன்ற வெப்பமான ஊருக்கு டென்ட்ரோபியம்தான் என் தேர்வு. நிழலான ஜன்னலோரம் என்றால் ஃபெலனாப்சிஸ்; பூத்தால் இரண்டு மூன்று மாதம் வாடாது.

இரண்டுமே தொற்றுச்செடிகள். அதாவது, காட்டில் மண்ணில் இல்லாமல் மரக்கிளையைப் பற்றி வளர்பவை. அதனால் வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். ஈரத்துண்டைக் கொடியில் போட்டால் காயும், வாளியில் சுருட்டி வைத்தால் நாறும் இல்லையா? வேரும் அப்படித்தான். மண்ணைத் தவிர்த்து, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நடுங்கள். வேர் வெள்ளியாக வெளுத்திருந்தால் தண்ணீர் விடலாம். பச்சையாக இருந்தால் அப்புறம் பார்க்கலாம்.

மரத்தின் சாற்றை இது உறிஞ்சிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை, மரம் வெறும் பிடிமானம்தான்.